வாசகர் கேள்வி: இரண்டு போப், ஒரு ராஜா, பாரிஸ் பண்டிதர்கள்

போன இதழில் பிரான்ஸ் ராஜா ஆறாம் சார்லஸைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘அவர் காலத்தில் ஐரோப்பாவில் இரண்டு போப்புகள் இருந்தார்கள், என்ன செய்வது என்று பாரிஸ் பல்கலைக்கழகத்துப் பண்டிதர்கள் ராஜாவுக்கு ஆலோசனை சொன்னார்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த இதழ் முழுக்க அதுதான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை: ஐயா, ஒரே திருச்சபைக்கு ஒரே நேரத்தில் இரண்டு போப் எப்படி? வேண்டாதவர்கள் யாராவது போட்டிக்கு ஆள் நிறுத்தினார்களா?

வெளியாள் யாரும் இல்லை ஐயா. இரண்டு பேரையும் தேர்ந்தெடுத்தது ஏறக்குறைய ஒரே கர்தினால் கூட்டம்தான் (போப்புக்கு அடுத்த நிலையில் இருந்து, போப்பைத் தேர்ந்தெடுக்கிறவர்கள்), அதுவும் ஐந்தரை மாத இடைவெளியில். 1309-லிருந்து போப்புகள் ரோமை விட்டு, ரோன் ஆற்றங்கரையில் உள்ள அவிஞ்ஞோனில் இருந்தார்கள். அங்கே இருந்து ஆண்ட போப்புகள் எல்லாருமே பிரெஞ்சுக்காரர்கள், கர்தினால்களிலும் பெரும்பாலோர் அவர்களே. பதினோராம் கிரகோரி 1377 ஜனவரியில் ஒருவழியாக ரோமுக்குத் திரும்பினார், அடுத்த வருடம் மார்ச் மாதமே இறந்துபோனார். மறுபடியும் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு அவிஞ்ஞோனுக்கே போய்விடுவாரோ என்று ரோம் மக்களுக்குப் பயம். தேர்தல் நடக்கும் இடத்தைச் சூழ்ந்துகொண்டு, ரோமாபுரிக்காரர் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இத்தாலியராவது வேண்டும் என்று கூட்டம் கத்தியது. உள்ளே இருந்த 16 கர்தினால்களில் 11 பேர் பிரெஞ்சுக்காரர்கள், 4 பேர் இத்தாலியர்கள், ஒருவர் ஸ்பெயின் பக்கத்து அரகோன்காரர். அந்த ஒருவரின் பெயர் பேத்ரோ த லூனா, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். 1378 ஏப்ரல் 8-ம் தேதி அவர்கள் தங்களில் யாரையும் தேர்ந்தெடுக்காமல், கர்தினாலே இல்லாத பாரி நகரப் பேராயர் பர்த்தலோமியோ ப்ரிஞ்ஞானோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்தான் ஆறாம் அர்பன்.

அதுவரை அடக்கமான, திறமையான அதிகாரி என்று பெயர் எடுத்தவர் அர்பன். பதவி வந்ததும் ஆள் மாறிவிட்டார். கர்தினால்களைச் சபையில் வைத்தே திட்டினார், அவர்களுடைய வருமானத்திலும் ஆடம்பரத்திலும் கை வைத்தார். கோடை தொடங்கியதும் ஒவ்வொருவராக அனாஞ்ஞி என்ற ஊருக்கு நழுவினார்கள். ஆகஸ்டில், ஏப்ரல் தேர்தல் கூட்டத்துக்குப் பயந்து நடந்தது, ஆகவே செல்லாது என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 20-ல் ஃபோந்தி என்ற ஊரில் ஜெனீவா ராபர்ட்டைத் தேர்ந்தெடுத்து ஏழாம் கிளெமென்ட் என்று முடிசூட்டினார்கள். முந்தின வருடம் செசேனா நகரத்தில் கூலிப்படையை ஏவி ஆயிரக்கணக்கானவர்களைக் கொல்ல வைத்தார் என்று பெயர் வாங்கிய அதே ராபர்ட்!

கூட்டம் மிரட்டியது உண்மை. மிரட்டல் ஓய்ந்த பிறகும் அதே கர்தினால்கள் பல வாரம் அர்பனை போப்பாக மதித்து, அவரிடம் சலுகைகள் கேட்டுப் பெற்றார்கள், அதுவும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த நீதிபதியும் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

வாசகி, நாகர்கோவில்: சாதாரண ஜனங்கள் எந்த போப்பை நம்பினார்கள்?

ராஜா யாரை ஏற்றாரோ அவரை. பிரான்ஸ், ஸ்காட்லாந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு காஸ்டீலும் அரகோனும் அவிஞ்ஞோன் பக்கம். பிரான்சோடு போரில் இருந்த இங்கிலாந்து, ஜெர்மன் நாடுகளில் பெரும்பகுதி, ஹங்கேரி, போலந்து எல்லாம் ரோம் பக்கம். பக்தியைவிடப் பகைதான் வரைபடத்தைப் போட்டது. புனிதர்களே பிரிந்து நின்றார்கள் அம்மா: சியென்னா நகர் கத்தரினாள் ரோம் போப்புக்காக ஊர் ஊராகக் கடிதம் எழுதினார், வின்சென்ட் ஃபெரர் அவிஞ்ஞோன் போப்புக்காகப் பிரசங்கம் செய்தார். இருவருமே பின்னால் புனிதர் பட்டம் பெற்றவர்கள்.

கல்லூரி மாணவர், திருச்சி: சார், இதில் பல்கலைக்கழகத்துக்கு என்ன வேலை? பாடம் நடத்த வேண்டியவர்கள் ஏன் அரசியலில் புகுந்தார்கள்?

அன்றைய பாரிஸ் பல்கலைக்கழகத்தை இன்றைய கல்லூரி மாதிரி நினைக்காதீர்கள் தம்பி. இறையியலில் அதுதான் கிறிஸ்தவ உலகத்தின் கடைசி வார்த்தை. ஒரு கருத்து சரியா தப்பா என்று போப்பே அங்கே ஆள் அனுப்பிக் கேட்ட காலம் உண்டு. மாஸ்டர்களும் மாணவர்களும் குருத்துவ வகுப்பைச் சேர்ந்தவர்களாகவே கருதப்பட்டார்கள், ராஜாவின் போலீஸ் அவர்களைத் தொட முடியாது, கோபம் வந்தால் வகுப்பை நிறுத்திவிடுவார்கள், நகரத்தில் பிரசங்கமும் நின்றுவிடும். கலைப் பிரிவு நான்கு ‘நாடு’களாகப் பிரிந்திருந்தது: பிரெஞ்சு, பிக்கார்டி, நார்மண்டி, அப்புறம் ஜெர்மானியர்களும் இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்த ஒன்று.

அப்போது பிரான்ஸ் ராஜா ஐந்தாம் சார்லஸ். படிப்பாளி, புத்தகம் சேர்ப்பவர், எதையும் கேட்டுச் செய்பவர் என்று பெயர். ஆனால் இந்த விஷயத்தில் 1378 நவம்பரிலேயே வான்சென் கோட்டையில் ஒரு சிறு கூட்டத்தைக் கூட்டி கிளெமென்ட்தான் போப் என்று முடிவெடுத்துவிட்டார். பிறகுதான் பல்கலைக்கழகத்தைப் பார்த்து நீங்களும் சொல்லுங்கள் என்றார். பிக்கார்டி நாடும் ஆங்கில-ஜெர்மன் நாடும் இரண்டு பக்கமும் வேண்டாம், நடுநிலையாக இருப்போம் என்று இழுத்தடித்தன. கடைசியில் 1379 மே மாதம் பல்கலைக்கழகம் கிளெமென்ட்டை ஏற்றது. முடிவு முன்னால், ஆலோசனை பின்னால். அடுத்த நாற்பது வருடமும் ராஜ சபை ஏறக்குறைய இதே வரிசையில்தான் ஆலோசனை கேட்டது.

வாசகர், கும்பகோணம்: ராஜாவுக்குப் பிடிக்காததைச் சொன்னவர்கள் யாருமே இல்லையா?

இருந்தார்கள், வேலையையும் ஊரையும் விட்டார்கள். முக்கியமாக இரண்டு ஜெர்மானியர்கள்: கெல்ன்ஹவுசன் ஊர் கொன்ராட், லாங்கன்ஸ்டைன் ஊர் ஹைன்ரிக். யார் உண்மையான போப் என்று கர்தினால்களோ ராஜாவோ சொல்ல முடியாது, திருச்சபை முழுவதும் கூடுகிற பொதுச்சங்கம்தான் சொல்ல வேண்டும் என்று கொன்ராட் 1379-லும் 1380-லும் எழுதி நேராக ஐந்தாம் சார்லஸிடமே கொடுத்தார். இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு: பொதுச்சங்கத்தைக் கூட்டும் அதிகாரம் போப்புக்கு மட்டுமே. எந்த போப் என்பதுதான் தகராறு என்றால் யார் கூட்டுவது? கொன்ராட் சொன்ன பதில் துணிச்சலானது. சட்டம் எழுதியவர் இப்படி ஒரு நிலைமையை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார், ஆகவே சட்டத்தின் எழுத்தை விட்டு நோக்கத்தைப் பிடிக்க வேண்டும், அவசரத்தில் திருச்சபை தானே கூடலாம் என்றார். ஹைன்ரிக் 1381-ல் இதையே இன்னும் விரித்து எழுதினார்.

ஐந்தாம் சார்லஸ் 1380 செப்டம்பரில் இறந்தார். மகன் ஆறாம் சார்லஸுக்குப் பதினோரு வயது, அதிகாரம் சித்தப்பாக்கள் கையில். அவர்களில் ஆன்ஜு பிரபு லூயிக்கு நேப்பிள்ஸ் சிம்மாசனத்தின் மேல் கண், அதற்குப் பணமும் ஆசீர்வாதமும் கொடுத்தவர் கிளெமென்ட். பொதுச்சங்கம் என்று பேசிய பல்கலைக்கழகப் பிரதிநிதி ஒருவரை லூயி ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்து உள்ளே போட்டார். அதற்கப்புறம் ஜெர்மானியர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். ஹைன்ரிக் வியன்னாவுக்குப் போய் அங்கே இறையியல் பிரிவை நிலைநிறுத்தினார். 1386-ல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் ரெக்டர் பாரிசிலிருந்து போன இங்கன் மார்சிலியஸ், முதல் சான்சலர் நம்முடைய கொன்ராட். பாரிஸ் துரத்தியவர்களால் ஜெர்மனியில் கல்வி வளர்ந்தது. அனுமதிப் பத்திரங்களை ரோம் போப் அர்பன் சந்தோஷமாகவே கொடுத்தார், ஏன் கொடுக்க மாட்டார்?

வாசகி, மதுரை: பண்டிதர்கள் சரியாக என்னதான் ஆலோசனை சொன்னார்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும் அம்மா, இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

முதல் பதினைந்து வருடம் எல்லாரும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்: 1378 ஏப்ரலில் அந்த அறைக்குள் என்ன நடந்தது, கர்தினால்கள் உண்மையிலேயே பயந்தார்களா இல்லையா. சாட்சிகள், வாக்குமூலங்கள், பதில் வாக்குமூலங்கள். இதற்கு முடிவே கிடையாது, ஏனென்றால் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் எல்லாருமே கட்சிக்காரர்கள். இடையில் படை நடத்தி ரோம் போப்பைத் தூக்கிவிடலாம் என்ற திட்டமும் இருந்தது. 1391-ல் ஆறாம் சார்லஸே இத்தாலிக்குப் படையோடு போவதாக ஏற்பாடாகி, இங்கிலாந்து விவகாரத்தால் நின்றுபோனது.

1394 ஜனவரியில் பல்கலைக்கழகம் வேறொரு காரியம் செய்தது. புனித மத்தூரின் மடத்தில் ஒரு பெட்டியை வைத்து, இந்தப் பிளவை முடிக்க உங்களுக்குத் தோன்றும் வழியை எழுதிப் போடுங்கள் என்று தன் ஆட்களுக்கு அறிவித்தது. பத்தாயிரத்துக்கும் மேல் சீட்டு விழுந்ததாக அக்காலத்து வரலாற்றை எழுதிய புனித தெனி மடத்துத் துறவி சொல்கிறார். எண்ணிக்கை கொஞ்சம் ஊதியது போல இருக்கிறது, ஆனாலும் குவிந்திருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அவற்றைப் படித்துப் பிரிக்க 54 மாஸ்டர்களைப் போட்டார்கள். படித்ததில் மூன்று வழிகள் மேலே வந்தன. ஒன்று, இரண்டு போப்பும் பதவி விலகுவது. இரண்டு, இருவரும் ஒப்புக்கொள்ளும் நடுவர்களிடம் விடுவது. மூன்று, பொதுச்சங்கம்.

கவனித்தீர்களா, ‘யார் உண்மையான போப்’ என்ற கேள்வி இந்த மூன்றில் முதலாவதில் இல்லவே இல்லை. இரண்டு பேரும் போகட்டும், புதிதாக ஒருவரைத் தேர்ந்தெடுப்போம், யார் பக்கம் நியாயம் என்று யாரும் ஒப்புக்கொள்ள வேண்டாம், யாருக்கும் மானம் போகாது. பண்டிதர்கள் ராஜாவுக்குக் கொடுத்ததிலேயே பெரிய ஆலோசனை இதுதான் என்பது என் கருத்து. சொத்துத் தகராறில் பத்திரத்தைக் கிளறுவதை நிறுத்திவிட்டு, ‘சரி, வித்துட்டுப் பங்கு பிரிங்க’ என்று சொல்கிற பெரியவர் மாதிரி. பியேர் தாய்யி, ழில் தெஷாம் ஆகியோர் கருத்துகளைக் கொடுக்க, நிக்கோலா த கிளமான்ஜ் என்ற இலக்கியக்காரர் அழகான லத்தீனில் கடிதமாக எழுதினார். ஜூன் 6 தேதியிட்ட அந்தக் கடிதத்தை அதே மாதம் ராஜாவிடம் கொடுத்தார்கள். இந்த மூன்று வழியையும் மறுத்து வேறு நல்ல வழியும் காட்டாத போப்பைப் பிடிவாதப் பிரிவினைக்காரன் என்றே கொள்ள வேண்டும் என்று அதில் கூசாமல் எழுதியிருந்தது.

ராஜ சபையில் கிளெமென்ட்டின் ஆட்கள் நிறைய. ராஜாவின் சித்தப்பா பெரி பிரபு கொதித்தார். இனி இந்த விஷயத்தில் தலையிடாதீர்கள் என்று உத்தரவு வந்தது, பல்கலைக்கழகம் பாடங்களை நிறுத்தியது. கடிதத்தின் பிரதி அவிஞ்ஞோனுக்கும் போனது. அதைப் படித்த கிளெமென்ட் இது விஷம் என்று சொல்லிக் கோபப்பட்டதாகவும், அந்த அதிர்ச்சியிலேயே போய்ச் சேர்ந்ததாகவும் பாரிசில் பேசிக்கொண்டார்கள். செப்டம்பர் 16-ல் அவர் இறந்தது மட்டும் நிச்சயம்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது, ஒரு போப் காலி. புதியவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று ராஜாவின் பெயரில் அவசரக் கடிதம் பறந்தது. கர்தினால்கள் தேர்தலுக்கு உள்ளே போகிற நேரத்தில் அது வந்து சேர்ந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பிரிக்காமலே வைத்துவிட்டு, தேர்தலை முடித்துவிட்டுப் பிரித்தார்கள். தேர்வானவர் பேத்ரோ த லூனா, இப்போது பதின்மூன்றாம் பெனடிக்ட். தேவைப்பட்டால் பதவி விலகுவோம் என்று கர்தினால்களில் பெரும்பாலோர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டார்கள், அவரும் போட்டார். பாரிசிலிருந்து போன பியேர் தாய்யியிடம், இந்த மேலங்கியைக் கழற்றுகிற மாதிரி பதவியைக் கழற்றிப் போடுவேன் என்றாராம். அந்த அங்கியைச் சாகும்வரை அவர் கழற்றவில்லை.

வாசகர், சேலம்: ஆறாம் சார்லஸ் மனநிலை சரியில்லாதவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்புறம் ஆலோசனை யாருக்கு?

நியாயமான கேள்வி. 1392 ஆகஸ்டில், லெ மான் நகருக்கு வெளியே காட்டு வழியில், வெயிலில் குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது முதல் தடவை தாக்கியது. வாளை உருவித் தன் ஆட்களையே வெட்டினார், சிலர் செத்தார்கள். அப்போது அவருக்கு 23 வயது. அதன் பிறகு முப்பது வருடம் தெளிவதும் குழம்புவதுமாகவே போனது. தன் உடம்பு கண்ணாடி, யாராவது தொட்டால் உடைந்துவிடும் என்று பயந்தார் என்று பின்னால் போப்பான இரண்டாம் பயஸ் எழுதி வைத்திருக்கிறார்.

அதனால் ‘ராஜாவுக்கு ஆலோசனை’ என்பது பாதி நாள் பெயருக்குத்தான். சித்தப்பா பர்கண்டி பிரபு ஃபிலிப், பெரி பிரபு ழான், ராஜாவின் தம்பி ஓர்லெயான் பிரபு லூயி, இந்த மூவரில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்கள் கேட்க விரும்புகிற ஆலோசனைதான் எடுபட்டது. பர்கண்டி, பெனடிக்டை விரட்ட வேண்டும் என்ற கட்சி. அதனாலேயே ஓர்லெயான் பெனடிக்ட் கட்சி. பண்டிதர்கள் வாயிலிருந்து வந்தது இறையியல், அதைக் கேட்ட காதுகளில் விழுந்தது குடும்பச் சண்டை.

வங்கி ஊழியர், கோவை: பண்டிதர்கள் எல்லாரும் பொதுநலத்துக்காகத்தான் பேசினார்களா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

சந்தேகம் சரி. பல்கலைக்கழக மாஸ்டருக்கு அன்று சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஏதாவது ஒரு கோயிலின் மானியம் அவர் பெயருக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஊர் அங்கே இருக்கும், இவர் பாரிசில் இருந்துகொண்டு வருமானத்தை வாங்குவார். அந்த மானியங்களில் ஏராளமானவற்றைத் தருகிற அதிகாரம் போப்பிடம். பல்கலைக்கழகம் தன் ஆட்களின் பெயர்களை நீண்ட சுருளாக எழுதி, இவருக்கு இது வேண்டும், அவருக்கு அது வேண்டும் என்று போப்புக்கு அனுப்பும். கிளெமென்ட்டுக்கு அனுப்பினார்கள், பதவி விலகச் சொல்லிக்கொண்டே பெனடிக்டுக்கும் அனுப்பினார்கள்.

1398-ல் நடந்ததைக் கேளுங்கள். பெனடிக்ட் மசியவில்லை என்றதும், அவருக்குக் கீழ்ப்படிவதையே நிறுத்திவிட வேண்டும், வரிப் பணமும் போகக் கூடாது, மானிய நியமனமும் அவர் செய்யக் கூடாது என்ற யோசனை வந்தது. சட்ட வாதத்தை அமைத்தவர்களில் முக்கியமானவர் சிமோன் த க்ரமோ, பெரிய சட்டப் புலி. பாரிசில் ஆயர்கள், மடாதிபதிகள், பல்கலைக்கழகப் பிரதிநிதிகள் என்று சுமார் 300 பேர் கூடினார்கள். ஒவ்வொருவரும் எழுதி, கையெழுத்துப் போட்டு, பிரபுக்கள் முன்னிலையில் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டுகள் இன்றும் பிரான்ஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெரும்பான்மை, பெனடிக்டுக்குக் கீழ்ப்படிவதிலிருந்து உடனே விலகுவோம் என்றது. பிரபுவின் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வாக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை கடைசியில் ராஜ உத்தரவு வந்தது. பெனடிக்டின் கர்தினால்களில் பெரும்பாலோர் ஆற்றைத் தாண்டி பிரான்ஸ் பக்கம் ஓடிவந்துவிட்டார்கள், அவருடைய அரண்மனையைப் படை சூழ்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், மானியம் தருகிற அதிகாரம் போப்பிடமிருந்து உள்ளூர் ஆயர்களுக்கு வந்ததும், ஆயர்கள் தங்கள் சொந்தக்காரர்களுக்கும் பிரபுக்களின் ஆட்களுக்கும் கொடுத்தார்கள், படித்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. தாங்களே கேட்டு வாங்கிய சுதந்திரத்தில் தாங்களே பட்டினி. மாஸ்டர்கள் மறுபடி பாட நிறுத்தம் செய்தார்கள். தூலூஸ் பல்கலைக்கழகமோ முதலிலிருந்தே, போப்பை ராஜா தண்டிக்க முடியாது, இது சட்டவிரோதம் என்று எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தது. 1403 மார்ச்சில் பெனடிக்ட் மாறுவேடத்தில் அரண்மனையிலிருந்து தப்பினார், கர்தினால்கள் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார்கள், மே மாதம் பிரான்சும் மறுபடி அவருக்குக் கீழ்ப்படிந்தது. நாலரை வருட முற்றுகை வீண்.

அதற்காக எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ழான் ஜெர்சோன், 1395 முதல் பல்கலைக்கழகத்தின் சான்சலர், இந்த விலகல் விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே தயங்கினார். பலவந்தம் பிளவை ஆழமாக்கும் என்று சொன்னதற்காக இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். அவருடைய குரு பியேர் தாய்யியின் கதை வேறு: பெனடிக்டிடம் தூது போனார், கொஞ்ச நாளில் அவரிடமிருந்தே ஆயர் பதவி வாங்கினார், பல்கலைக்கழகத்தில் பலரும் முணுமுணுத்தார்கள். பெரிய மூளை, மறுக்க முடியாது. அவர் எழுதிய உலக விவரணப் புத்தகத்தைக் கொலம்பஸ் வரி வரியாகப் படித்து ஓரத்தில் குறிப்பெழுதி வைத்திருந்தார், அந்தப் பிரதி இன்றும் செவில் நகரத்தில் இருக்கிறது.

வாசகர், ஈரோடு: இரண்டு போப்பும் நேரில் உட்கார்ந்து பேசியிருக்கலாமே?

பேச ஏற்பாடானது, 1407-ல், சவோனா துறைமுகத்தில். ரோமில் அப்போது இருந்தவர் எண்பது வயதை ஒட்டிய பன்னிரண்டாம் கிரகோரி. பெனடிக்ட் கடலோரமாக போர்த்தோவேனரே வரை வந்தார், கிரகோரி உள்நாட்டு வழியாக லூக்கா வரை வந்தார். அதற்கு மேல் இருவரும் ஒரு அடி வைக்கவில்லை. ஒன்று நிலத்து மிருகம், தண்ணீர்ப் பக்கம் வராது, இன்னொன்று நீர் மிருகம், கரையேறாது என்று கிரகோரியின் செயலாளராக இருந்த லியனார்தோ ப்ரூனியே கிண்டலடித்தார்.

வழக்கறிஞர், திருநெல்வேலி: கடைசியில் எந்த வழி ஜெயித்தது?

கொன்ராட்டும் ஹைன்ரிக்கும் முப்பது வருடம் முன்னால் சொல்லி ஊரை விட்டுப் போனார்களே, அந்த வழி. 1408-ல் பெனடிக்ட் அனுப்பிய சாபப் பத்திரத்தைப் பாரிசில் எல்லார் முன்னாலும் கிழித்தார்கள். அதைக் கொண்டுவந்தவர்களைப் பிற்பாடு காகிதத் தொப்பி மாட்டி வண்டியில் ஊர்வலம் விட்டார்கள், பாவம். பிரான்ஸ் இரண்டு பேருக்கும் பொதுவாக நடுநிலை அறிவித்தது. இரண்டு பக்கத்துக் கர்தினால்களும் சேர்ந்து 1409-ல் பீசாவில் சங்கம் கூட்டி, இருவரையும் நீக்கி, ஐந்தாம் அலெக்சாண்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரும் பாரிசில் படித்த ஆள்தான். ஆனால் நீக்கப்பட்ட இருவரும் போக மறுத்ததால் மூன்று போப்!

பிறகு ஜெர்மன் அரசர் சிகிஸ்மண்ட் வற்புறுத்தி 1414 நவம்பரில் கான்ஸ்டன்ஸ் நகரத்தில் சங்கம் கூடியது. பீசா வழியில் வந்த இருபத்து மூன்றாம் ஜான் தன் இத்தாலிய ஆயர்களை நிறைய அழைத்து வந்திருந்தார், தலைக்கு ஒரு ஓட்டு என்றால் அவர் பாடு கொண்டாட்டம். ஆனால் பாரிஸ் பல்கலைக்கழகத்து ‘நாடு’கள் முறையை இங்கேயும் கொண்டுவந்தார்கள்: இத்தாலி ஒரு ஓட்டு, பிரான்ஸ் ஒன்று, ஜெர்மனி ஒன்று, இங்கிலாந்து ஒன்று. சட்டக்காரரான உங்களுக்குப் புரியும், வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. 1415 மார்ச் 20-ல் ஜான் மாறுவேடத்தில் ஓடினார். சங்கம் கலைந்துவிடும் போல இருந்தபோது, மூன்றே நாளில் ஜெர்சோன் எழுந்து, போப் ஓடினாலும் சங்கத்தின் அதிகாரம் ஓடாது என்ற பொருளில் பிரசங்கம் செய்தார். ஏப்ரல் 6-ல் போப் உட்பட எல்லாரும் சங்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற தீர்மானம் நிறைவேறியது. ஜானை நீக்கினார்கள், கிரகோரி மரியாதையாக விலகினார், 1417-ல் பெனடிக்டையும் நீக்கி, நவம்பர் 11-ல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பெனடிக்ட் மட்டும் ஸ்பெயினில் பெனிஸ்கோலா என்ற கடற்கரைக் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, நான்தான் போப் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வாதத்தைக் கேட்டால் ரசிப்பீர்கள்: 1378-க்கு முன்னால் கர்தினாலானவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான், மற்ற எல்லாருடைய பதவியும் சந்தேகத்துக்குரியது, ஆகவே போப்பைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான்.

வாசகி, தஞ்சாவூர்: இவ்வளவு படித்தவர்கள் அதே சமயத்தில் ஜான் ஹஸ்ஸை எரித்தார்களே?

ஆமாம், பொஹீமியா நாட்டுச் சீர்திருத்தப் பிரசங்கி ஹஸ்ஸை எரித்தது 1415 ஜூலை 6, அதே சங்கம். விசாரணையை நடத்தியவர்களில் பியேர் தாய்யி முக்கியமானவர், ஜெர்சோனும் எதிராகத்தான் நின்றார். போப்புக்கு மேல் சங்கம் என்று வாதாடியவர்கள், சங்கத்துக்கு மேல் ஒருவனுடைய மனசாட்சி என்பதை ஒரு நிமிடம்கூட ஏற்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன் அம்மா. 1407 நவம்பரில் பர்கண்டியின் புதிய பிரபு ழான், ஓர்லெயான் பிரபுவைப் பாரிஸ் தெருவில் ஆள் வைத்துக் கொன்றார். சில மாதத்தில் ழான் பெத்தி என்ற இறையியல் மாஸ்டர், போப் விவகாரத்தில் பல்கலைக்கழகத்துக்காக வாதாடிய அதே ஆள், ராஜ சபையில் எழுந்து கொடுங்கோலனைக் கொல்வது புண்ணியம் என்று மணிக்கணக்கில் நிரூபித்தார். பர்கண்டியின் பணம். ஜெர்சோன் இதை விடாமல் எதிர்த்தார். விளைவு, கான்ஸ்டன்ஸ் முடிந்த பிறகு பர்கண்டிக்காரர்கள் கையில் இருந்த பாரிசுக்கு அவரால் திரும்பவே முடியவில்லை. சான்சலர் பதவி பெயரளவில் இருக்க, லியோன் நகரத்தில் 1429-ல் இறந்தார்.

இல்லத்தரசி, வேளாங்கண்ணி: எங்கள் வீட்டில் போப் இருபத்து மூன்றாம் ஜான் படம் மாட்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் ஓடிப்போன ஆள் அவரா?

இல்லவே இல்லை அம்மா, படத்தைக் கழற்றிவிடாதீர்கள். ஓடியவர் பல்தசாரே கோசா. உங்கள் வீட்டுப் படத்தில் இருப்பவர் ஆஞ்செலோ ரொன்காலி, 1958-ல் போப்பானவர், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர், இப்போது புனிதர். கோசா பீசா வழியில் வந்தவர் என்பதால் அவரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று நெடுங்காலம் இழுபறி இருந்தது. அதனாலேயோ என்னவோ, ஐநூறு வருடத்துக்கும் மேலாக ரோமில் எந்த போப்பும் ஜான் என்ற பெயரை வைத்துக்கொள்ளவில்லை. ரொன்காலி அதே பெயரையும் அதே எண்ணையும் எடுத்துக்கொண்டார், கோசா கணக்கிலிருந்து விழுந்தார்.